படிக்காத சீட்டு

12-11-2008, புதன்

இன்றைய மதிய விவாதத்தில் யாரும் விவாதிக்கவில்லை. தலைப்பு, உலகப் பொருளாதார மந்தமும் பெண் தொழில்முனைவோரும். பேராசிரியை காலைப் பேப்பரில் வந்ததை அப்படியே ஒப்பித்தார். பெண்கள் தயங்கக் கூடாது என்று வக்கீலம்மா நான்கு முறை சொன்னார். எதற்குத் தயங்கக் கூடாது என்று ஒரு முறையும் சொல்லவில்லை. வங்கி மேலாளர் என்று என்னையும் மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். பிரியாணி வாசனை வந்ததும் மூன்று பேருக்கும் ஒரே கருத்து ஆகிவிட்டது.

கூட்டத்தினர் சீட்டில் எழுதித் தந்த கேள்விகளைப் படிப்பது என் வேலை. முதல் சீட்டு, பேராசிரியை புடவையை எங்கே எடுத்தார் என்று கேட்டது. அந்த அசட்டுத்தனத்தைக்கூட மைக்கில் படித்தேன். இரண்டாவது எனக்கு.

"ஐஸ் பேக்டரி என் பேர்லதான் இருக்கு மேடம். லோன் கேட்டா மட்டும் எதுக்கு எங்க வீட்டுக்காரரு கையெழுத்து கேக்குறீங்க?"

பெயர் இல்லை. போன வாரம் நான் திருப்பி அனுப்பிய திருமலைராயன்பட்டினத்து அம்மாதான். அப்படி ஒரு விதி எங்கள் வங்கியில் கிடையாது. எதற்கும் இருக்கட்டும் என்று நானாகக் கேட்பது.

சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டேன். "நேரமாச்சு, சாப்பிடப் போகலாங்க" என்றேன். நன்றாகக் கை தட்டினார்கள்.

சாப்பாட்டு வரிசையில் அந்த அம்மா எனக்குப் பின்னால் நின்றார். நேரமில்லாமல் போய்விட்டது என்று ஆரம்பித்தேன்.

"நீங்க படிச்சிட்டீங்கல்ல மேடம், அது போதும்" என்று சொல்லி, என் தட்டில் தயிர்ப் பச்சடி வைத்தார்.

வாங்கிக்கொண்டேன்.