ஒரே கட்டத்தில் எழுபத்துமூன்று பேர்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முட்டிவலியும் அவர் வாயும் தவிர இங்கே எல்லாம் சுகம்தான். போனில் உன் குரல் கம்மியிருந்ததே, வெந்நீர் குடிக்கிறாயா?

போன செவ்வாய்க்கிழமை நகரத்து அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி படிவத்தோடு வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கொடுத்தால்தான் நம் சனத்தின் கூட்டத்தை அரசாங்கம் ஏற்குமாம், இல்லையென்றால் நம் காட்டுக்கும் ஓடைக்கும் இனி அவர்களே முடிவெடுப்பார்களாம். படிவத்திலோ 'தலைவர் பெயர்' என்று ஒரே ஒரு கட்டம். நமக்கு ஏது தலைவர், வட்டத்தில் உட்கார்ந்த அத்தனை பேரும் சரி சொன்னால்தானே முடிவு? சும்மா ஒரு பேரைப் போட்டுக் கொடுங்கம்மா, வேலை முடிஞ்சுடும் என்றார் அதிகாரி. உன் சித்தப்பா உடனே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். யார் பெயரைச் சொன்னாலும் உன் அப்பா, நான் ஒத்துக்க மாட்டேன் என்று ஒரே பிடி. என்னைப் பெண் பார்த்துவிட்டு மூன்று மாதம் யோசித்த மனுஷன் அல்லவா!

இரண்டு நாள் இப்படியே ஓடியது. நின்று நின்று கால் கடுத்த அதிகாரி தெரியாமல் வட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவங்க சரி சொல்லாம எழக்கூடாது என்று உன் அத்தை பிடித்துக்கொண்டாள். கடைசியில் அவரே, எல்லார் பேரையும் எழுதுங்க, நான் காகிதம் ஒட்டித் தர்றேன் என்று கும்பிட்டார். சரி, சரி என்று வட்டம் சுற்றி வந்தது, உன் அப்பாகூடச் சொன்னார். ஆனால் வெளியூர் போனவங்க வேண்டாமே என்று அதிகாரி உன் பெயரை அடிக்கப் போனபோது, அப்பா அவர் பேனாவையே பிடித்துக்கொண்டார். என் பொண்ணு வீட்டை விட்டுத்தான் போயிருக்கா, கூட்டத்தை விட்டுப் போகலை என்றார். அதிகாரி எழுபத்துமூன்றையும் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முத்திரை விழுந்துவிட்டது. ஒட்டிய காகிதம் மேசையிலிருந்து தரை வரை தொங்கியதாம்.

நேற்று முதல் கூட்டம். ஓடைக்குக் குறுக்கே அரசாங்கம் கட்ட நினைக்கும் சுவர் வேண்டாம் என்று எழுபத்திரண்டு பேர் சொல்லியாயிற்று, உன் சொல் ஒன்றுதான் பாக்கி. போனில் சொன்னால் செல்லாதாம், கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேலையில் மறந்துவிடாதே. உனக்குச் சம்மதமில்லையென்றால் இல்லையென்றே எழுது, அப்பாவின் மகள்தானே, மறுபடி முதலிலிருந்து உட்காருகிறோம்.

நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு, கண்ணு.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா