இரண்டு விரல் விலகிய குழாய்

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் மாற்ற இன்று காலை ஆள் வந்திருந்தார். அவர் பசை டப்பாவைத் திறந்ததும் வாடை படி வழியாக இறங்கி அடுக்களை வரை வந்துவிட்டது. அடுப்பில் புளிக்குழம்பு பாதிக் கொதியில் இருந்தது. அதை அணைத்துவிட்டு வெளியே போய்க் கிணற்றடியில் நின்றேன். அவர் வேலையை முடித்துக் கிளம்பும் வரை உள்ளே வரவில்லை.

நீ போய் ஒரு வருடம் கழிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் பூவை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு காரியம் இருக்கிறது. உன் வீட்டுத் தொட்டியில் நீ வளர்த்த ஐந்து கரிமீனும் கரண்ட் போய்ச் சாகவில்லை. நான் மாட்டிய குழாயால் செத்தன. நீ சாகக் கிடந்தபோது உன் முகத்தைப் பார்த்து நான் சொன்ன பொய் அது. இத்தனை நாள் கழித்து அதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு நாம். நீ நர்ஸ் படித்துக் குவைத்துக்குப் போனாய். நான் நாகர்கோவிலில் ஒரு ஆபீசில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டேன். குவைத்தில் நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் ஒரு பெரிய மீன் தொட்டி இருந்ததாம். வேலையை விட்டு வந்ததும் அதே மாதிரி ஒன்றை உன் வீட்டு முன்னறையில் செய்து வைத்தாய். அதில் தங்க மீனாவது விட்டாயா? களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரி வாளியில் உயிரோடு கொண்டுவந்த கரிமீனை வாங்கி விட்டாய்.

"பொரிச்சுத் தின்னுற மீனுக்கு வீடு கெட்டிக் குடுக்குற ஒரே ஆளு நீதாம்ட்டி" என்றேன்.

"நீ வாய வச்சிட்டு சும்மா இரி. உனக்க கண்ணு பட்டே இதுக செத்துப் போவும்" என்றாய். அன்று இருவரும் சிரித்தோம்.

மேலே மீன் தொட்டி. அதன் அடிக்கண்ணாடியில் ஓர் ஓட்டை. அதில் ரப்பர் வாஷர் போட்டு இறுக்கிய நிப்பிள் என்ற குட்டிக் குழாய். அதிலிருந்து குழாய் இறங்கி, ஸ்டாண்டின் கீழே இருக்கும் இறுக மூடிய வடிகட்டிப் பெட்டிக்குப் போகும். பெட்டியில் இருக்கும் மோட்டார் சுத்தமான தண்ணீரை மறுபடி மேலே தள்ளும். இதைச் செய்துதர நீ கூப்பிட்ட பிளம்பர், "மீனுக்கும் பிளம்பிங்கா அக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. உனக்கு ரோஷம் வந்துவிட்டது. கோட்டாற்றில் கடை கடையாக ஏறி இறங்கி, வாள் பிளேடும் ரெஞ்சும் வாங்கி, நீயே தரையில் உட்கார்ந்துவிட்டாய். டார்ச் அடிக்க நான்.

ஊசி போட்ட கை என்பதாலோ என்னவோ, உனக்கு அதில் அப்படி ஒரு நிதானம். முதலில் பசை இல்லாமல் எல்லாவற்றையும் வெறுமனே பொருத்திப் பார்ப்பாய். குழாயும் வளைவுத் துண்டும் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பாய். பிறகு கழற்றி, பசை தடவி, கோட்டோடு கோடு சேர்த்து அழுத்தி, முப்பது எண்ணும் வரை கையை எடுக்க மாட்டாய். "கையால முறுக்கு. பொறவு ரெஞ்சால கால் சுத்து போதும். அதுக்கு மேல முறுக்கினா வாஷர் நசுங்கிரும்" என்பாய். கடைசியில் ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே பழைய பேப்பரை விரித்து, ஒரு நாள் முழுக்க ஈரம் படுகிறதா என்று பார்ப்பாய். இந்தச் சவத்துக்கு இத்தனை சாங்கியமா என்று நான் முணுமுணுப்பேன்.

ஒரு முறை குழாய் ஒரு நூல் எட்டவில்லை. நான் பிடித்து இழுத்தேன். என் கையில் அடித்தாய். "எட்டல்லன்னா அளவு தப்பு. இழுக்காத. இழுத்தா இன்னைக்கு எட்டும், அதுக்க வலி வேற எங்கயாவது போயி நிக்கும்." அதை நான் மறக்கவில்லை. மறந்துபோய்ச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்குமாக அண்ணன் உன்னை ஏழு மாதம் கொண்டுபோனார், கொண்டுவந்தார். உன் வீட்டுக்காரரை நான் என்றைக்கும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். மீனுக்குத் தீனி போட வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. இனி மருந்தில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று நீ போனில் கேட்டது ஒன்றே ஒன்று. "முன்னறையில கட்டில போடு. தொட்டிக்குப் பக்கத்துலயே போடு. நான் மீனப் பாத்துட்டே கெடக்கணும்."

நீ ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பையன்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வடிகட்டிப் பெட்டி ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு சாண் துருத்திக்கொண்டிருந்ததால் கட்டில் ஒட்டி நிற்கவில்லை. மோட்டாரை நிறுத்தி, குழாயை மூடி, இணைப்பைக் கழற்றிப் பெட்டியை உள்ளே தள்ளினேன். கட்டில் அழகாக உட்கார்ந்தது. மேலிருந்து வரும் குழாய் மட்டும் பெட்டியின் வாயிலிருந்து இரண்டு விரல் விலகி நின்றது.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். குழாயை வெட்டி, இரண்டு சாய்வு வளைவு போட்டு, பசை காயக் காத்திருக்க வேண்டும். வளைவு வாங்கக் கோட்டாறு போக வேண்டும். ஆனால் மறுநாள் நம் சபையில் அசனம், எல்லோரும் சேர்ந்து உண்ணும் விருந்து. அன்று சாயங்காலம் காய் வெட்டுவதற்குப் பெண்கள் எல்லோரும் சபைக் கோயில் வளாகத்தில் கூடுவோம் என்பது உனக்குத் தெரியாததா? நான் போகாவிட்டால், பெண்கள் சங்கத்தில் செயலாளர் ஆகிவிட்டதால் இப்போது கத்தி பிடிக்க மாட்டாளோ என்று பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். குழாயை இழுத்துப் பிடித்து, துணி காயப்போடும் கயிற்றால் ஸ்டாண்டின் காலோடு கட்டினேன், காற்றுக்குச் சாய்ந்த வாழையை இழுத்துக் கட்டுவதுபோல. ரெஞ்சைப் போட்டு முறுக்கினேன். எட்டிவிட்டது. மோட்டாரை ஓடவிட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அப்போதுதான் நீ போனில் வந்தாய். குரல் காற்றுப்போல இருந்தது.

"பெட்டிய நவுத்தினியா?"

"நவுத்திட்டேன்."

"வெறுமனே பொருத்திப் பாத்தியா?"

"பாத்தேம்ட்டி."

"பேப்பர் விரிச்சியா?"

"விரிச்சாச்சு. நீ பைய வா" என்றேன். பேப்பர் விரிக்கவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் கோயில் வளாகத்தில் தடியங்காய் வெட்டிக்கொண்டிருந்தேன்.

காலை ஆராதனைக்கு முன்னால் உன் வீட்டைத் திறந்தேன். முன்னறை முழுக்கப் பாதம் நனையத் தண்ணீர். கீழே நான் இழுத்த இழுப்பில் குழாய் சாய்ந்து, மேலே நிப்பிளை ஒரு பக்கமாக நெம்பிவிட்டிருந்தது. வாஷர் மறுபக்கம் தூக்கிக்கொண்டது. தொட்டி மொத்தமும் அந்த இடுக்கு வழியாக இறங்கிப்போயிருந்தது. நான்கு மீன் தொட்டி மணலில் காய்ந்து கிடந்தன. ஒன்றுக்கு மட்டும் செவுள் அசைந்தது. ஓடிப்போய் வாளியில் தண்ணீர் பிடித்து அதில் விட்டேன். கோயிலில் இரண்டாம் மணி அடிக்கும்போது அதுவும் மல்லாந்துவிட்டது. கொல்லையில் வாழைக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். தரையைத் துடைத்தேன். கயிற்றை அவிழ்த்து நிப்பிளை நிமிர்த்தி மறுபடி கட்டினேன், ஏதோ அது அப்படியே இருந்தால் எதுவும் நடக்காததுபோல ஆகிவிடும் என்று. பிறகு போய், அதே கையால் அசனப் பந்தியில் இலை இலையாகச் சோறு விளம்பினேன். எல்லோரும் உனக்காகத்தான் ஜெபித்தார்கள்.

மூன்று மணிக்கு உன் கார் வந்தது. உன்னைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். நீ தலையைத் திருப்பினாய். வெறும் கண்ணாடியும் மணலும்.

"ராத்திரி கரண்ட் போயிட்டு. மோட்டார் நின்னு மீனெல்லாம் செத்துப் போச்சு. அதான் தொட்டி வெள்ளத்தை எடுத்துட்டேன்" என்றேன். வாய் குழறவில்லை. என்னைப் பற்றி எனக்கு இன்றுவரை அருவருப்பாக இருப்பது அதுதான்.

"எல்லாமுமா?" என்று மட்டும் நீ கேட்டாய்.

இரண்டு நாள் கழித்துக் கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டுக் கயிற்றைத் தடவினாய். "இது யாரு கெட்டினது?" என்றாய். கட்டில் கொண்டுவந்த பையன்கள் என்றேன். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று. நீ கயிற்றை அறுக்கச் சொன்னாய். கோட்டாற்றில் வளைவு வாங்கிவரச் சொன்னாய். கிடந்தபடியே சொல்லிச் சொல்லி என்னை வைத்துக் குழாயை மறுபடி போடவைத்தாய். கோடு போட்டேன். முப்பது எண்ணினேன். பேப்பர் விரித்தேன்.

"மீனே இல்ல, இது எதுக்குட்டி?" என்றேன்.

"ஒழுகாம இருக்கட்டும்" என்றாய். பிறகு, "வேற ஒண்ணும் சொல்லதுக்கு இல்லியாட்டி?" என்று கேட்டாய்.

"என்னத்த சொல்ல? நீ பேசாத, மூச்சு வாங்குது" என்றேன்.

நீ அதற்கு அப்புறம் இருபது நாள் இருந்தாய். நான் ஒரு நாள் விடாமல் வந்தேன். கஞ்சி கொடுத்தேன், முதுகைத் துடைத்தேன், சங்கீதம் வாசித்தேன். இவ்வளவு செய்கிறோமே, அது போதாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் உன் முதலாண்டு நினைவு ஜெபம். எல்லோரும் போன பிறகு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கயிறு, காய் வெட்டு, வாளியில் விட்ட மீன், எல்லாம். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் ஸ்டாண்டின் அடிப்பலகையைக் காட்டினார். அது தண்ணீர் குடித்து விளிம்பெல்லாம் பிதுங்கி நின்றது.

"வந்த அன்னைக்கே அவளுக்குத் தெரியும் பிள்ளே. கரண்ட் போனா மீனு சாவும், பலகை எப்பிடி ஊதும்னு எனக்க காதுல கேட்டா. நான் உன்னைய கூப்பிட்டுக் கேக்கட்டான்னேன். வேண்டாம், அவளே சொல்லுவா, சொன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னா. நீ வந்துட்டுப் போனதும், இன்னைக்கும் சொல்லல்ல, பாத்தேளான்னு கேப்பா. கடைசி ரெண்டு நாளு மட்டும் அதக் கேக்கல்ல."

மீன்களுக்காக நான் அழுது முடித்துவிட்டேன். அண்ணன் சொன்னதை மட்டும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் நான் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது நீ வாசல் பக்கம் தலையைத் திருப்பி என்னையே பார்ப்பாய். வலியில் தூக்கம் வராமல் பார்க்கிறாய் என்று நினைத்தேன். "கண்ண மூடிக் கெடட்டி" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.