நான் எழுப்பாத காலைகள்

என்னவருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். உங்களைக் கேட்டால் 'ம், இருக்கேன்' என்பீர்கள். அதையே நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பாதி சொல்வதற்குள் உங்கள் இடைவேளை முடிந்துவிடும். மீதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வீர்கள். அதனால்தான்.

குளியலறைக் குழாயைச் சரிசெய்தாயிற்று. வந்தவர் என்ன செய்தாரோ, இப்போது சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. மகள் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். வாயில் உங்கள் அம்மாவையே மிஞ்சிவிட்டாள். இதை அவர்களிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் போனில் வாயெல்லாம் பல்லாக ஒன்று சொன்னீர்களே, "இப்பல்லாம் தினமும் நீதான் என்னை எழுப்புறே" என்று. ஏதோ அலாரம் ஆப் போட்டிருப்பதாகவும், அதில் நம் கரடிக்குட்டி பேர் சொல்லி எழுப்புவதாகவும், அச்சு அசல் என் குரல் என்றும் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். என்ன பேர் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். வீட்டில் நான் உங்களைக் கூப்பிடுகிற பேர் என்றீர்கள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வேலை இருக்கிறது என்று போனை வைத்தேன். ஒரு வேலையும் இல்லை.

ஒன்பது வருஷமாக டிவி கார்ட்டூனில் அந்தக் குட்டிக்கு நான்தான் டப்பிங் பேசுகிறேன். அது தும்மினதும் நான், மரத்திலிருந்து விழுந்து அழுததும் நான். ஆனால் அந்தப் பேரை மைக் முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. நம் வீட்டு வாசலைத் தாண்டி எங்குமே சொன்னதில்லை. சொல்லாததை அது எப்படிச் சொல்லும்?

மறுநாளே ஸ்டூடியோவுக்குப் போய்விட்டேன். நம் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாரே, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒலிப்பதிவாளர், அவர்தான் மென்று முழுங்கிச் சொன்னார். போன வருஷம் படமே ஓடாமல் மூன்று நாள் வெறும் வாக்கியங்களாகப் படிக்கவைத்தார்கள் அல்லவா, ஏதோ வீடியோ கேமுக்கு என்று நினைத்தேனே, அதையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இனி அதுவே என்னைப் போல எதையும் பேசுமாம்.

'நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டீர்களே' என்கிறது கம்பெனி. எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். படம் தெரிவதற்காக உள்ளே விளக்கை மங்கலாக வைப்பார்கள். பேசி முடித்துத் தொண்டை வறண்டு நிற்கும்போது வருகைச் சீட்டை நீட்டுவார்கள். தேதியும் நேரமும்தான் இருக்கும். விரல் காட்டிய இடத்தில் போட்டுவிட்டு வருவோம். அன்றைக்குச் சீட்டுக்கு அடியில் இன்னொரு தாள் இருந்திருக்கிறது. நரிக்குப் பேசுகிறவர், ஆமைக்குப் பேசுகிற அக்கா, எல்லோரும் அப்படித்தான் போட்டிருக்கிறோம். காட்டுக்கே காதில் பூ சுற்றிவிட்டார்கள்.

நரிதான் என்னை டப்பிங் சங்கத்து வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனார். மூன்று நாள் கூலிக்கு ஆயுசு முழுக்கக் குரலை எழுதி வாங்க முடியாது, விளக்காமல் வாங்கிய கையெழுத்தை எதிர்த்து வழக்குப் போடலாம் என்றார் அவர். நோட்டீஸ் போனதும் கம்பெனி பெரிய தொகையோடு இறங்கிவந்தது. எனக்கு மட்டும். புதிதாக ஒரு கையெழுத்து, அதோடு குரல் அவர்களுடையது.

மறைக்கமாட்டேன். அந்தத் தொகை கைக்கு வந்தால் நீங்கள் அந்த வெளிநாட்டு வேலையை விட்டு ஒரு வருஷம் முன்னாடியே வந்துவிடலாம். மேஜையில் தாளை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. பேனாவைத் திறந்துகூட விட்டேன்.

போடவில்லை.

ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கூலி தர வேண்டும், நரிக்கும் ஆமைக்கும் அதேபோல. இதைத்தான் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரை அந்த ஆப்பை நிறுத்தச் சொல்லி வழக்கும் போட்டாயிற்று. எனக்கு வேலை வருவது நின்றுவிட்டது. குட்டி இப்போது என் தயவில்லாமல் தானே பேசிக்கொள்கிறது. பக்கத்துத் தெருப் பள்ளியில் கதை சொல்லப் போகிறேன். சமாளித்துக்கொள்வோம்.

'கையெழுத்துப் போட்டிருந்தா நான் வந்திருப்பேனே' என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுவிடுவீர்களோ என்று பயந்துதான் இத்தனை நாள் மூச்சுவிடவில்லை. என் குரலை விற்று உங்களைக் கூட்டிவந்தால், வந்தபிறகு எந்தக் குரலில் உங்களைக் கூப்பிடுவேன், சொல்லுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. தினமும் நீங்கள் கண் விழிக்கும்போது உங்களை யாரோ அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அது நான் இல்லை. இதை என்னால் தாங்கவே முடியவில்லை.

கோர்ட்டு நிறுத்தும்வரை காத்திருக்காதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்த ஆப்பை எடுத்துவிடுங்கள். நீங்கள் எழும் நேரத்துக்கு இங்கே மத்தியானம்; பள்ளியிலிருந்து வந்திருப்பேன். இனி நானே போன் செய்து எழுப்புகிறேன். அது எத்தனை தடவை வேண்டுமானாலும் சலிக்காமல் கூப்பிடும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, இரண்டாவது தடவையே திட்டுவேன். சில நாள் குரல் கரகரக்கும், சில நாள் அழுதாலும் அழுவேன்.

எடுப்பீர்கள்தானே?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி