முப்பது முறையும் ஒரே விடை

சுன்னாகம்
03.03.2025

அன்புள்ள தனுஷிகா,

இந்தச் சாமத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதே. மகள் மதுரா இப்போதுதான் கண் மூடினாள்.

உன் ஆய்வேட்டு வரைவு மின்னஞ்சலில் கிடைத்தது. சூரிய நியூட்ரினோக்கள்! கம்பஸில் ஒரே கணினியின் முன் இருவரும் முட்டி மோதிச் செய்த வேலை. என் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில். உனக்குப் பெரிய மனம்தான்.

மாமி உன் படத்தைப் பார்த்து, "உவள் எப்பவாம் கலியாணம் கட்டுறது?" என்று கேட்டா. எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஏன் என்று கேட்காதே.

கீர்த்திகா

ஒஸ்லோ
08.03.2025

அன்பின் கீர்த்தி,

குத்தாதையடி, பெயரை மேலே ஏற்றுகிறேன்.

நியூட்ரினோக்கள் சூரியனிலிருந்து வரும் வழியில் வகை மாறுவதைச் சொல்லும் அந்த இரண்டு எண்களையும் நீ எழுதிய கணினி நிரலாலேயே தேடினேன். தற்செயலாக எடுத்த நூறு ஊகங்கள் ஒன்றோடொன்று கலந்து, பொருந்தாதவை கழிந்து, தலைமுறை தலைமுறையாக நெருங்கி வந்தன. முப்பது முறை ஓட்டினேன். முப்பது முறையும் ஒரே விடை, கடைசித் தசமம் வரை! 21ஆம் திகதி கையளிக்கிறேன்.

உனக்கென்ன, வீடு நிறையச் சிரிப்பு. நான் இங்கே ஒருத்திக்குச் சோறு காய்ச்சுகிறேன்.

தனு

சுன்னாகம்
18.03.2025

அன்புள்ள தனு,

மறுபடியும் சாமம். மன்னித்துக்கொள்.

நேற்று மதுராவுக்குக் காய்ச்சல். தெர்மாமீற்றரை மூன்று தரம் வைத்தேன். மூன்று தரமும் நூற்றிரண்டு. அழுது குளறி, ஆஸ்பத்திரிக்குப் போக இவரை மோட்டார் சைக்கிளை எடுக்க வைத்துவிட்டேன். இவர் ஆறுதலாகக் கேட்டார்: "உதறிப்போட்டோ வைச்சனீர்?"

பாதரசம் இறங்க நான் உதறவில்லை. அது போன காய்ச்சலில் ஏறிய இடத்திலேயே நின்றிருக்கிறது. உதறி வைத்தால் தொண்ணூற்றொன்பது. இவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

உன் முப்பது முறையும் அதுதான், தனு. நிரலில் பிழை தேடிய நாட்களில், ஒவ்வொரு முறையும் அதே தற்செயல் எண்கள் வரட்டும் என்று ஆரம்ப எண்ணை நான்தான் பூட்டி வைத்தேன். நிரலின் பதினாலாவது வரி. பிறகு எடுக்க மறந்துவிட்டேன். நீ முப்பது தேடல் செய்யவில்லை. ஒரே தேடலை முப்பது தரம் பார்த்திருக்கிறாய்.

உன் கடிதத்தை வாசித்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. பத்து நாள் வாய் திறக்கவில்லை. பரீட்சகர்களுக்கு முன்னால் நீ முழிப்பதை நினைத்து, மதுராவின் துணி துவைக்கும்போது சிரித்தும் இருக்கிறேன். நேற்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதபோது, அந்தச் சிரிப்புத்தான் நினைவுக்கு வந்தது.

விடை சரியாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அந்த வரியை எடுத்துவிட்டு இன்றே ஓட்டு. என் பெயரை எங்கே போடுவது, போடுவதா என்பது உன் விருப்பம்.

கெதியாகப் பதில் எழுது.

கீர்த்திகா