அம்மா இனி தொடர்பில் இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் தம்பி ஹாஸ்டலில் நலம், அம்மா மிக மிக நலம். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்பதை முதல் வரியிலேயே போடச் சொல்லி அவளே என் தோளுக்குப் பின்னால் நின்று மேற்பார்வை பார்த்தாள், அது இரண்டு வரி தள்ளிப்போனதில் கோபித்துக்கொண்டு இப்போதுதான் நகர்ந்தாள். நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, என்னைத் தவிர எல்லாரோடும் பேசிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் என் குரல் கேட்டதும் "அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய், கொடுத்துவிடுகிறேன். மெயில் போட்டால் திறக்கமாட்டாய் என்று தெரியும். ஆனால் பார்வையற்ற பிள்ளைகளுக்காக அம்மா படித்துப் பதிவு செய்யும் பாடங்களை எடுத்து, இருமல் தும்மலை வெட்டிச் சுத்தம் செய்ய தினமும் நம் வீட்டு டிஸ்க்குக்குள் வந்து போகிறாய் அல்லவா, அந்தப் போல்டரிலேயே இதை வைத்துவிட்டேன். வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரர் மாடிப்படியில் காத்து நிற்பதுபோல நிற்கிறேன் என்று வைத்துக்கொள்.

நடந்ததில் பாதியை அம்மா சொல்லியிருப்பாள், பாதியை கீழ்வீட்டுப் பல் டாக்டர் சொல்லியிருப்பார், எனக்குச் சாதகமான இன்னொரு பாதியை இருவருமே விட்டிருப்பார்கள். அதனால் முதலிலிருந்தே வருகிறேன். இந்த வீட்டில் ஆளுக்கொரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், ஒவ்வொன்றும் ஒரு மூலையில். பாடம் வேண்டுமென்றால் அம்மா தலையணைக்கடியில் தேடுவாள், பாட்டு வேண்டுமென்றால் நான் பீரோவுக்கு மேலே தேடுவேன், உனக்கு ஒரு பாடம் அனுப்புவதற்குள் அந்தப் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்கே போய்விடுவார்கள். அப்போது நீதான் சொன்னாய், எல்லா டிஸ்க்கையும் ஒரே இடத்தில் மாட்டி நெட்வொர்க்கில் விட்டால் வீட்டில் எந்த அறையிலிருந்தும் எடுக்கலாம், நானும் இங்கிருந்தே எடுத்துக்கொள்வேன் என்று. நல்ல யோசனை. சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கி, வை-பை பெட்டிக்குப் பக்கத்தில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் வைத்து, நாலு டிஸ்க்கையும், பல ஒயர்களை ஒன்றாகச் சேர்க்கும் ஹப் ஒன்றில் கோத்து மாட்டினேன். ஹப் வாங்கும்போது தனியாகக் கரண்ட் எடுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். கடையில் அதன் பக்கத்திலேயே அழகான நீல நிறத்தில், கரண்ட் ஒயரே இல்லாமல் கைக்கடக்கமாக ஒன்று இருந்தது. ஒரு ஒயர் மிச்சம் என்று அதை வாங்கினேன். உன் அப்பாவுக்கு நிறம்தான் முக்கியம் என்பதை அம்மா கல்யாணத்துக்கு வாங்கிய சட்டையிலிருந்தே சொல்லிவருகிறாள்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றிருந்த டிஸ்க்குகளுக்கு, இந்தக் கலவரத்துக்கு முந்தின வாரம் பெயர் வைத்தேன்: அப்பா, அம்மா, பெரியவள், சின்னவன். குடும்பமாக இருக்கட்டுமே என்றுதான். ஏதாவது டிஸ்க் கழன்றால் நாலு பேருக்கும் மெயில் போகும்படி ஒரு வசதி இருந்தது, அதில் வந்த வாசகம் ஒரே இங்கிலீஷ், உப்புச்சப்பில்லை. நான் யார்? குடிநீர் அலுவலகத்தில் அறிவிப்பு எழுதியே தலை நரைத்தவன். ஊருக்கே தண்ணீர் நின்றபோதெல்லாம் வருத்தம் தெரிவித்த கை சும்மா இருக்குமா, நானே எழுதினேன். "வருந்துகிறோம்" என்று தொடங்கி, டிஸ்க்கின் பெயர் வர ஓர் இடம் விட்டு, "இனி நம்மோடு தொடர்பில் இல்லை. மீட்க எடுத்த முயற்சிகள் அனைத்தும் பலனளிக்கவில்லை. இப்படிக்கு, வீடு." எழுதி முடித்து நானே இரண்டு தரம் படித்து ரசித்தேன். சோதனைக்காக 'அப்பா'வின் ஒயரைப் பிடுங்கினேன். வருந்துகிறோம், அப்பா இனி நம்மோடு தொடர்பில் இல்லை என்று உடனே எல்லாருக்கும் வந்தது. உன் தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று அனுப்பினான். அம்மா, "இதுல என்னங்க புதுசு?" என்றாள். நீ அதைத் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் அன்றைக்கே சிரித்து முடித்திருப்போம்.

கலவரம் நடந்த நாளில் நான் செய்தது ஒன்றுதான். முடிவெட்டக் கிளம்பும்போது, என் பழைய பாட்டு மொத்தத்தையும் 'அப்பா'வுக்குள் காப்பி ஆகும்படி போட்டுவிட்டு, போனை அங்கேயே சார்ஜில் விட்டுவிட்டுப் போனேன். அம்மா வழக்கம்போல துணி அலமாரிக்குள் ஸ்டூல் போட்டு, காதில் ஹெட்போன் மாட்டி, தன் போனை அணைத்துவிட்டு, தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். அலமாரிக்குள் எதிரொலி கிடையாது என்பது உனக்குத் தெரியும், உலகமே கிடையாது என்பதும் தெரியும். அப்போதுதான் அந்த மெயில் உனக்கு வந்திருக்கிறது. அம்மா, இனி இல்லை, பலனளிக்கவில்லை என்று ஒரே மூச்சில் படிப்பவளுக்கு டிஸ்க்கா ஞாபகம் வரும்? என் போன் எடுக்கவில்லை, அம்மா போன் அணைந்திருக்கிறது. நீ பல் டாக்டரைக் கூப்பிட்டு அழுதிருக்கிறாய். அந்த மனிதர், வாயைப் பிளந்து வைத்திருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு, கையுறையோடு மாடிக்கு ஓடியிருக்கிறார். நோயாளி நல்ல மனிதர், எனக்குத் தகவல் சொல்லப் பஞ்சு வைத்த வாயோடு சலூனுக்கே வந்துவிட்டார். ஊசி போட்ட வாய், ஒரு வார்த்தையும் உருப்படியாக வரவில்லை. "உங் வீட்ல... அங்ங்மா... வோய்த்தாங்க" என்றார். சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே போட்டார்.

நான் ஓடினேன் மகளே. கழுத்தில் வெள்ளைத் துணி, தலையில் ஒரு பக்கம் முடி இருக்கிறது, ஒரு பக்கம் இல்லை, செருப்பு சலூனிலேயே கிடக்கிறது. மாவு மில்லைத் தாண்டினேன், பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டினேன், யாரோ "என்ன சார் ஆச்சு?" என்றார்கள், நிற்கவில்லை. காலையில் அவள் காப்பி கொடுத்தபோது பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினேனா இல்லையா என்று மட்டும் யோசித்துக்கொண்டே ஓடினேன், ஞாபகம் வரவில்லை. நான் எழுதிய மெயிலை நானே நம்பிக்கொண்டு ஓடுகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆகையால், உனக்கு அங்கே எப்படி இருந்தது என்று அப்பாவுக்கு என்ன தெரியும் என்று மட்டும் சொல்லாதே. அந்தத் தெரு முடியும்வரை எனக்கும் தெரியும். மாடிப்படி ஏறும்போது மேலே அம்மாவின் குரல் கேட்டது, "ரெக்கார்டிங் போயிட்டிருக்கும்போது இப்படியா கதவை இடிப்பாங்க? படிச்சவர்தானே நீங்க?" என்று பல் டாக்டரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள், அவர், "இல்லக்கா, நீங்க போயிட்டீங்கன்னு பாப்பா சொல்லிச்சு" என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க இது தலை?" என்றாள். எனக்கு அழுகை வந்தது, முடிக்காக என்று நினைத்துக்கொண்டாள், நானும் மறுக்கவில்லை.

கோளாறைக் கண்டுபிடித்ததும் அம்மாதான். நான் சாப்ட்வேரைச் சந்தேகப்பட்டேன், வை-பை பெட்டியைச் சந்தேகப்பட்டேன், தம்பியைக்கூடச் சந்தேகப்பட்டேன். அவள் செருப்பு ஸ்டாண்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உங்க டிஸ்க் சுத்த ஆரம்பிச்சதும் என்னோடது டிக்டிக்னு அடிச்சிட்டு அடங்கிடுதுங்க. உங்க பாட்டுக்காக என் மூச்சு நிக்குது" என்றாள். அதேதான். ஒயர் இல்லாத நீல ஹப் நாலு டிஸ்க்குக்கும் கரண்ட் கொடுக்க முடியாமல் ஒன்றைக் கைவிட்டிருக்கிறது. மறுநாளே நீ சொன்ன வகையை வாங்கி மாட்டினேன், பாடம் ஒன்றும் கெடவில்லை, எல்லாம் முழுசாக இருக்கிறது. டிஸ்க்குகளின் பெயர் இப்போது மேசை, நாற்காலி, வாளி, ஜன்னல். மெயில் வாசகத்தை என் கையிலிருந்து பிடுங்கி அம்மாவே எழுதிவிட்டாள்: "ஒயர் கழண்டிருக்கு, போய் மாட்டுங்க." இலக்கியம் போச்சு, நிம்மதி வந்தது. அன்றைக்கு நீ லீவு கேட்டதும் உன் மேலாளர் அனுப்பிய அனுதாபச் செய்தியை உன்னிடம் கேட்டு வாங்கிப் படித்தாளே, "என்னைப் பத்தி யாரும் இவ்வளவு நல்லா எழுதினதே இல்ல, இவருக்குப் பதில் போடணும்" என்று ஒரே பிடிவாதம். செத்தவர்கள் பதில் போட்டால் அந்த மனிதர் தாங்கமாட்டார் என்று தடுத்து வைத்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அழுதுகொண்டே வாங்கிய டிக்கெட்டைத் தேதி மாற்றி அடுத்த மாதம் இரண்டாவது வாரத்துக்கு வைத்திருந்தாய், இப்போது அதையும் ரத்து செய்யப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். உண்மையைச் சொன்னதும் மேலாளர் சிரித்துவிட்டு, கொடுத்த லீவு கொடுத்ததுதான் என்றாராம். அப்படியானால் தடுப்பது என் மேல் உள்ள கோபம் ஒன்றுதான். "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன், வேலையைக் கெடுத்துட்டு வராத" என்று அம்மா உன்னிடம் சொன்னதை நானும் பக்கத்திலிருந்து கேட்டேன். அதற்கு அடுத்த நாள் அலமாரிக்குள்ளிருந்து அந்தப் பிள்ளைகளின் பள்ளி டீச்சரோடு அவள் பேசியதையும் கேட்டேன், அதை நீ கேட்கவில்லை. "அடுத்த மாசம் ரெண்டாவது வாரம் என்னால படிக்க முடியாதுங்க டீச்சர். தொண்டை கட்டிக்கும்" என்றாள். எப்போது தொண்டை கட்டும் என்று இப்போதே தெரிந்த ஒரே மனுஷி உன் அம்மாதான். காய்ச்சலிலும் ஒரு பாடம் தள்ளிப்போடாதவள்.

கோபத்தை வைத்துக்கொள், நேரில் வந்து திட்டு, வாசலிலிருந்தே ஆரம்பித்தாலும் சரி. டிக்கெட்டில் மட்டும் கை வைக்காதே. அம்மா போய்விட்டாள் என்று நினைத்து வாங்கியதை, அவள் இருக்கும்போது வந்து பார்க்கப் பயன்படுத்தக் கூடாதென்று எந்த விமானக் கம்பெனியும் சொல்லவில்லை. குளிருக்கு ஸ்வெட்டர் போடு, காலைச் சாப்பாட்டை விடாதே, உன் மனசுபோல எல்லாம் நல்லபடியாக அமையட்டும் என்று எங்கள் இருவரின் ஆசியும். இதைப் படித்ததும் போல்டரிலிருந்து அழித்துவிடு, டீச்சரிடம் பேசியதை ஒட்டுக்கேட்டேன் என்று தெரிந்தால் இந்த வாரமே அவளுக்குத் தொண்டை நன்றாக வேலை செய்யும்.

இப்படிக்கு,
உன் வரவுக்காக அறையைப் பெருக்கிவைத்திருக்கும்
அப்பா