பனியன் துணியால் துடைத்த கண்ணாடி

திருப்பூர்
14.11.1993

அன்புள்ள சபுராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நான் நலம். சென்னையில் நீயும் மகளும் நலம்தானே? பேரனுக்குச் சளி குறைந்ததா? இங்கே சமையல் எப்படியோ நடக்கிறது. நேற்று ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன்.

முதலிபாளையத்தில் எங்கள் மாத்திரைக் கம்பெனிக்குப் புது மெஷின் வந்ததை முன்பே எழுதினேன். வரிசையில் ஓடும் ஒவ்வொரு மாத்திரையையும் அது கண்ணாடி வழியே வெளிச்சத்தில் பார்க்கும். புள்ளி இருந்தால் தள்ளிவிடும். போன திங்களன்று மூன்றில் ஒன்றைத் தள்ளியது. மாத்திரை அடிக்கும் மயிலாளின் கை சுத்தமில்லை என்றார் மேனேஜர் மணியன். வழக்கம்போல் நான் சோதனைக்கு இருபது மாத்திரை எடுத்துப் பார்த்தேன். எடை சரி, நீரில் கரைவதும் சரி, புள்ளி எதுவும் தெரியவில்லை. அதைச் சொன்னதற்கு, "பாய்க்குக் கண்ணுல புரைங்க, மெஷினுக்கு அது இல்லீங்களே" என்று அவர் சிரித்தார். எனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றிவிட்டது. மாத்திரை கெட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மயிலாளை அன்றே நிறுத்திவிட்டார்கள். பதினோரு வருஷமாக வேலை பார்த்தவள். போகும்போது என் மேஜையருகே நின்று, "என் கை சுத்தமுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களே சார்" என்றாள். நான் ரிஜிஸ்தரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து திரும்பியதும், மெஷினின் கண்ணாடியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் மயிர் போன்ற ஒரு பஞ்சிழை. மெஷின் அதிரும்போது அது ஆடுகிறது. அதன் நிழலைத்தான் புள்ளி என்று எடுத்துக்கொள்கிறது. தூரிகையால் நீக்கிவிட்டு, தள்ளியவற்றில் ஒரு டப்பாவை மறுபடி ஓட்டினேன். ஒன்றைக்கூடத் தள்ளவில்லை.

தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பவன் நான்தான். இந்த ஊரில் சைக்கிள் முதல் தராசு வரை எதைத்தான் பனியன் வேஸ்ட் துணியால் துடைக்காமல் இருக்கிறோம்? நீ துவைத்து மடித்துத் தந்த துணிகளைத்தான் கொண்டுபோனேன். அதற்காக நீ வருந்தாதே. பஞ்சு விடும் என்று தெரிந்திருக்க வேண்டியவன், வேதியியல் படித்த நான்.

முதலாளிக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மூன்று நாளாக அந்தக் கடிதம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கொடுத்தால் மயிலாளைத் திரும்பக் கூப்பிடுவார்கள். கண் தெரியாத கிழவன் இனி எதற்கு என்றும் கேட்பார்கள். அறுபத்தாறு வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

அதனால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். நாளைக் காலை பஸ் ஏறும் முன் இதைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். உனக்குத் தெரிந்துவிடும் என்றால், கம்பெனி வாசலில் என் கால் பின்வாங்காது. மருமகனிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். பேரனின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. நாளை ஒன்பது மணிக்கு, முதலாளியிடம் கடிதம் கொடுக்கும் நேரத்தில், எனக்காகத் துஆ செய் என்று கேட்க நினைத்தேன். இது உன் கைக்கு வரும்போது அந்த ஒன்பது மணி கடந்திருக்கும். பரவாயில்லை, அப்போதும் செய்.

உன்
பசீர் அகமது