கதைக்கு ஐந்து பாகம்

ஐப்பசி 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மூடுபனி. எதிர்த்த பலாமரம் பத்து மணிக்குத்தான் கண்ணில் பட்டது. விறகு ஈரம். களி கிளறி முடிப்பதற்குள் கண் இரண்டும் புகையில் வெந்துபோயிற்று. சேலை கொடியிலேயே கிடக்கிறது, காய்கிற வழியாயில்லை. இந்த மலைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து உலர்ந்த சேலை கட்டிய ஞாபகமே இல்லை.

இன்று ஆறாம் வகுப்புக்குக் கதைப் பாடம் தொடங்கினேன். பலகையில் எழுதியது:

1. யார்?
2. எங்கே, எப்போது?
3. அவருக்கு என்ன வேண்டும்?
4. என்ன தடை?
5. கடைசியில் என்ன ஆயிற்று?

எந்தக் கதையை எடுத்தாலும் இந்த ஐந்தும் உள்ளே இருக்கும், தேடிப்பாருங்கள் என்றேன். சடையன் கை தூக்கினான். அவன் கை தூக்கினால் ஏதோ வம்பு என்று அர்த்தம்.

"ஒண்ணுமே வேண்டாங்கிற ஆளுக்குக் கதை இல்லீங்களா டீச்சர்?"

"இல்லை."

"அப்ப எங்க அப்புச்சிக்குக் கதையே கிடையாதுங்க. சோறு போட்டா உண்டுபோட்டுத் தூங்கீருவாரு."

அந்தத் தாத்தாவை நினைத்து வகுப்பே சிரித்தது. நானும்தான். பொன்னி மட்டும் சிரிக்கவில்லை. வழக்கமாக முதல் சிரிப்பு அவளுடையது. பாவம், அவள் அம்மாவை வெள்ளிக்கிழமை டோலி கட்டிக் கீழே தூக்கிப் போயிருக்கிறார்கள். இடுப்புவலி கண்டு ஒரு பகல் ஒரு இரவு ஆகியும் பிள்ளை பிறக்கவில்லை. காளப்பநாயக்கன்பட்டி வரை தோளில். அங்கிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் கிடைத்தால் சேலம் ஆஸ்பத்திரி. அப்பாவும் கூடப் போயிருக்கிறார். ஒரு தகவலும் இல்லை. பொன்னி அத்தை வீட்டில் இருக்கிறாள்.

வாங்க வேண்டியவை: உப்பு, தீப்பெட்டி, சீமை எண்ணெய் (கிடைத்தால்).

யுத்தத்துக்குப் போன என் வீட்டுக்காரரிடமிருந்து ஆடி மாதத்துக்கு அப்புறம் கடிதமே இல்லை. பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவருக்கு எழுத நேரம் ஏது. இன்றைக்கு அவரைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன்.

ஐப்பசி 4, செவ்வாய்

தூறல். கூரை இரண்டு இடத்தில் ஒழுகல்.

சொந்தமாக ஒரு கதை கட்டி சிலேட்டில் எழுதச் சொன்னேன். மதியம் வாங்கிப் பார்த்தேன். யார், சரி. எங்கே, பிரமாதம், சாமைக் கொல்லையும் ஓடையும் கண் முன்னால் நிற்கின்றன. ஆசை, தடை எல்லாம் உண்டு. முடிவு? ஒரு சிலேட்டில்கூட இல்லை!

சடையன் கதை: தேன் எடுக்கப் போனவன் பாறையில் கொடியைக் கட்டி இறங்குகிறான். தேனீ கிளம்பிவிட்டது. கொடி ஒரு பக்கம் அறுகிறது.

"அப்புறம்?"

"தொங்கறானுங்க."

"எத்தனை நேரம்டா தொங்குவான்?"

"தொங்கீட்டே இருக்கறானுங்க டீச்சர்."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் வீணா? சரி, முடிவு என்றால் என்னவென்று நானே காட்டுகிறேன் என்று ஒரு கதை சொன்னேன். சந்தைக்குப் போன ஒருத்தி திரும்பி வருகையில் காட்டில் வழி தவறிவிடுகிறாள். இருட்டுகிறது. நரி ஊளையிடுகிறது. எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள். "கடைசியில்" என்று ஆரம்பித்தேனோ இல்லையோ, பொன்னி எழுந்து நின்றுவிட்டாள்.

"வேண்டாங்க டீச்சர்! சொல்லாதீங்க!"

மற்றவர்கள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள். எல்லோருமாகச் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். "வெளியே போய் நில்" என்றேன். போய் நின்றாள். அழவில்லை, முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

மாலையில் நல்லம்மாவிடம் புலம்பினேன். (இவர் வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருக்கிறேன். ராகி புடைத்துக்கொண்டே கேட்டார்.) முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங் அம்மிணி, அந்தப் புள்ளைகிட்டயா கதைய முடிக்கப் பாத்தீங்க?"

"ஏன், முடித்தால் என்ன?"

"நம்ம ஆளு ஒருத்தரு வழியில இருந்தா நாங்க கதைய முடிக்க மாட்டமுங்க. ஆரம்பிப்போம், நடு வரைக்கும் சொல்லுவோம், அங்கயே நிறுத்திப்போடுவோம். போனவங்க வந்து வாசல்ல காலு கழுவுனதுக்கு அப்புறந்தான் மிச்சம்."

"முன்னாலேயே முடித்துவிட்டால்?"

"அவிங்களுக்கு வழி அத்துப்போயிருமுங்க. திரும்பி வர முடியாது."

"பொன்னி அம்மாதானே போயிருக்கிறார்? மற்ற பிள்ளைகள் ஏன் எழுதவில்லை?"

நல்லம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒரே ஊருப் புள்ளைங்க அம்மிணி. இதுல அவ ஊடு, எங்கூடுன்னு இருக்குதுங்களா?"

நான் சொன்ன கதையே வழி தவறியவள் கதை. வேறு கதையே கிடைக்கவில்லையா எனக்கு. களி இறங்கவில்லை.

ஐப்பசி 5, புதன்

வெயில்! சேலை காய்ந்தது.

பள்ளி தொடங்கும் முன் பொன்னியைக் கூப்பிட்டு, "என்கிட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றேன்.

"நீங்க கீழ்நாட்டு ஆளுங்க. சிரிச்சுப்போடுவீங்கன்னு."

சிரிக்கவில்லை சாமி என்றேன். பயிற்சிப் பள்ளியில் இருந்த நாளாயிருந்தால் மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியுமா? பலகையில் ஐந்தாவது வரியைத் துடைத்தேன். இப்போதைக்கு நாலு போதும். வகுப்பு பெருமூச்சு விட்டது, நிஜமாகவே காதில் விழுந்தது.

பிறகு ஒரு பெரிய வழக்கு. முடிவை எழுதி உடனே அழித்துவிட்டால் அது முடித்ததாகுமா, ஆகாதா? சடையன் ஒரு கட்சி: எச்சில் தொட்டு அழித்தால் எழுதாத கணக்கு. அலமேலு எதிர்க்கட்சி: மனதில் நினைத்தாலே முடித்ததுதான். "அப்ப நீ இப்ப நெனச்சுட்டயே!" என்று அவன் சொல்ல, அவள் பயந்து அழ, வகுப்பு இரண்டாகிவிட்டது. நினைப்பதற்குக் குற்றம் இல்லை, எழுதுவதற்கும் சொல்வதற்கும்தான் என்று தீர்ப்புச் சொல்லி அடக்கினேன். ஜில்லா கோர்ட்டு நீதிபதிக்குக்கூட இத்தனை தலைவலி இருக்காது.

'யார்' பாடம். ஓர் ஆளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், ஆள் கண்ணில் தெரிய வேண்டும் என்றேன். பொன்னி சொன்னாள்: "எங்கம்மா சிரிக்கறப்ப வாயப் பொத்திக்கும். சிரிப்பு வெரலு சந்துல வந்துரும்."

அந்த அம்மாவை நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். இப்போது நன்றாகத் தெரிந்தவர் போல இருக்கிறது.

'எங்கே' பாடத்துக்கு வெளியே கூட்டிப்போனேன். ஓடைக்கரையில் உட்கார்ந்து மூக்கால் என்ன தெரிகிறது, காதால் என்ன தெரிகிறது என்று எழுதினார்கள். ஒருவன் "டீச்சர் தலையில சீயக்கா வாசம்" என்று எழுதியிருக்கிறான். அதற்கும் மார்க் போட்டேன்.

ஐப்பசி 8, சனி

மறுபடி மழை. பள்ளி இல்லை. துணி தைத்தேன், ஊசி தொலைந்தது, கிடைத்தது.

தபால்காரர் மேலே வரும் நாள். அவர் குடை சரிவுப் பக்கம் தெரிந்ததும் வாசலுக்கு ஓடினேன், பிறகு ஓடவில்லை என்பது போல் நின்றேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டார். அவருக்கும் சங்கடம்தான் போல.

சடையன் வேலியோரம் நனைந்துகொண்டு நிற்கிறான். "கடுதாசி வந்துச்சுங்களா டீச்சர்?"

"உனக்கென்னடா அதைப் பற்றி? மழையில் நிற்காமல் வீட்டுக்குப் போ" என்று விரட்டினேன். இந்த ஊரில் ஒரு மனுஷி தும்மக்கூட முடியாது.

பொன்னி அம்மாவைப் பற்றியும் செய்தி இல்லை. ஓடையில் தண்ணீர் அதிகம், கீழிருந்து யாரும் ஏறி வரவில்லையாம்.

பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயே எழுதிவைக்கிறேன். கல்யாணமாகி மூன்று மாதம் ஒன்றாக இருந்தோம், அவ்வளவுதான். பர்மாப் பக்கம் இருக்கிறாரா, எங்கே என்றே தெரியாது. அவர் குரல் எப்படி இருக்கும் என்று நேற்று யோசித்துப் பார்த்தேன், உடனே நினைவுக்கு வரவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தது. "காப்பி ஆறுது பார்" என்று அவர் சொல்கிற மாதிரி.

ஐப்பசி 11, செவ்வாய்

இன்று தலைகால் புரியவில்லை.

'தடை' பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தடை சின்னதாயிருந்தால் கதையும் சின்னது என்று பாதி சொல்லியிருப்பேன், சரிவிலிருந்து ஒரு குரல், "ஓய்...!" அடுத்த நிமிஷம் வகுப்பில் நானும் பலகையும் மட்டும்.

நானும் ஓடினேன். டோலி ஏறி வருகிறது. தூக்குகிறவர்கள் முழங்கால் வரை சேறு. உள்ளே பொன்னியின் அம்மா, மஞ்சள் பூத்த முகம், மடியில் பழம்புடவையில் சுற்றிய ஒரு குட்டி. பெண் குழந்தை. பிழைத்ததே ஆச்சரியம் என்று சேலத்து டாக்டரம்மா சொன்னாராம்.

வாசலில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அந்த அம்மா கால் கழுவும்வரை பொன்னி கிட்டேயே போகவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுவி முடித்ததும் பாய்ந்துபோய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"மெதுவா சாமி, மெதுவா. தையல் போட்டிருக்குது" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரார் முன்னால், ஒரு டீச்சர்!

நல்லம்மா வீட்டில் இன்று பச்சை மிளகுக் குழம்பு. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நாளைக்கு ஐந்தாம் பாகம். ஒவ்வொருவரையும் எழுப்பிச் சொல்ல வைக்க வேண்டும்.

ஐப்பசி 12, புதன்

பனி. சுண்ணாம்புக் கட்டி தீர்ந்துவிட்டது, கீழே எழுதிப் போட வேண்டும்.

இருந்த கடைசித் துண்டால் பலகையில் ஐந்தாவது வரியை எழுதினேன். "ம், இப்போது முடிவு. யார் முதலில்?"

ஒரு கையும் எழவில்லை.

"பொன்னி, நீ சொல்."

எழுந்தாள். சிலேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சடையனைப் பார்த்தாள். சிலேட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

சீறிவிட்டேன். "இன்னும் என்ன? அதுதான் உங்கம்மா வந்தாயிற்றே! கால் கழுவினதை நானும்தான் பார்த்தேனே!"

சடையன்தான் எழுந்தான். இந்த முறை கை தூக்கவில்லை.

"டீச்சர் ஊட்டுக்காரரு இன்னும் வரலீங்களே."

என்ன சொல்கிறான் என்று முதலில் பிடிபடவில்லை.

"அவரும் வழியிலதானுங்களே இருக்கறாரு" என்றான். "நாங்க எப்படீங்க முடிக்கறது?"

பொன்னி மெதுவாகச் சொன்னாள்: "எங்கூட்டுல யாரும் முடிக்கறதில்லீங்க டீச்சர். நீங்க வந்ததுலயிருந்தே. எங்கம்மா சொல்லிப்போட்டுதுங்க, டீச்சரு ஊட்டுக்கார ஐயா வர்ற வரைக்கும் ஆரும் முடிக்கக் கூடாதுன்னு."

நான் வந்ததிலிருந்தே. இத்தனை மாதமாக. எனக்குத் தெரியாமல், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இந்த ஊர் வீடுகளில் கதைகள் எல்லாம் பாதியில் நிற்கின்றன. அவர் முகம்கூட இவர்களுக்குத் தெரியாது.

பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். துடைப்பது போல் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ.

கடைசியில் பொன்னிதான் கேட்டாள். "அதுவரைக்கும் நடுவுல இன்னுங் கொஞ்சம் சேத்திக்கலாமுங்களா டீச்சர்?"

சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். எவ்வளவு வேண்டுமானாலும். உடனே தலை எல்லாம் குனிந்தன, சிலேட்டில் கீறல் சத்தம் கிளம்பிவிட்டது.

இந்தக் குறிப்பில் இதுவரை உங்களிடம் நேராகப் பேசியதில்லை. இன்றைக்குப் பேசுகிறேன். எங்கே இருந்தாலும் சரி, கையோ காலோ போயிருந்தாலும் சரி, வந்துவிடுங்கள். நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருப்பேன், அது வேறு. இங்கே ஆறாம் வகுப்பு முழுவதும் உங்களுக்காக முடிவெழுதாமல் உட்கார்ந்திருக்கிறது.